பிறகு வந்து ஆறுதல் சொல்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் பிரிவில் சக ஊழியர் ஒருவரை மேலாளர் ஓராண்டுக்கும் மேலாக எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்திவந்தார். அவருடைய அறிக்கையை உரக்கப் படித்துக் கேலி செய்வார். கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று பிறகு கேட்பார். நாங்கள் யாரும் வாய் திறந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய் அவருக்கு ஆறுதல் சொல்வோம். சென்ற மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது, “நீங்கள் எல்லாரும் அங்கேதானே இருந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஏன் பேசவில்லை? பயம் என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பயம் பொய்யல்ல. ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, விடுப்பு என எல்லாவற்றிலும் கையெழுத்திடுபவர் ஒருவரே என்கிறபோது, கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் ‘நமக்கேன் வம்பு’ என்று கணக்குப் போடத்தான் செய்வார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் குறித்து 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, புகார் கொடுப்பவரை மட்டுமன்றிச் சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. காரணமில்லாமல் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால், மேலாளர் விடுப்பில் இருந்த நாட்களிலாவது நீங்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பேசியிருப்பீர்கள். பேசியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவராகப் போனோம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

கூட்ட அறையை நினைத்துப் பாருங்கள். மேலாளர் அறிக்கையை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறார். ஒருவர் ஏற்கெனவே படித்த மின்னஞ்சலை மறுபடி திறக்கிறார். இன்னொருவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். மூன்றாமவர் லேசாகச் சிரித்தும் வைக்கிறார். உள்ளுக்குள் எல்லாருக்கும் சங்கடம்தான். ஆனால் முகத்தில் அது தெரியாததால், மற்றவர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை போலும், நமக்குத்தான் மிகையாகத் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவுசெய்துகொள்கிறார்கள்.

லட்டானே, டார்லி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நெருங்கிவருகிறது. படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையைக் கசியவிட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே சொன்னார்கள். அங்கே தண்டிக்க எந்த மேலாளரும் இல்லை; ஆபத்து என்றால் அவர்களுக்கேதான். பேசாமல் இருந்தவர்களைப் பிறகு விசாரித்தபோது, அது நீராவியாக இருக்கலாம் என்பது போன்ற விளக்கங்கள் வந்தன. உங்கள் அலுவலகத்தில் இந்த விளக்கம், “அவர் பேச்சு அப்படித்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்” என்ற வடிவில் வந்திருக்கும்.

இதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவருக்கு அந்த மௌனத்தை நியாயப்படுத்தியாக வேண்டிய தேவை வந்துவிடுகிறது. “அவரும் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கிதான்” என்று யாரோ தேநீர் இடைவேளையில் சொல்ல, மற்றவர்களுக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. 1980களில் ஸ்வீடனில் பணியிடத் துன்புறுத்தலை முறையாக ஆராய்ந்த ஹைன்ஸ் லெய்மன், துன்புறுத்தலின் விளைவாக ஒருவரிடம் தோன்றும் பதற்றத்தையும் எரிச்சலையும் அவருடைய இயல்பான குணம் என்று சுற்றியிருப்பவர்கள் எடுத்துக்கொள்வதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

நீங்கள் சொன்ன ஆறுதலைப் பற்றியும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தனியே சொல்லப்படும் ஆறுதல் பெரும்பாலும் சொல்பவருடைய சுமையைத்தான் இறக்கிவைக்கிறது. அதைச் சொல்லிவிட்டதாலேயே அடுத்த கூட்டத்திலும் நம்மால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க முடிகிறது. கேட்டவருக்கோ, இத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும் சபையில் தனக்காகப் பேச ஒருவரும் இல்லை என்பது உறுதியாகிறது, மனிதவளத் துறையில் “பார்த்தவர் யார்?” என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு பெயரும் இருக்காது.

மேசையைத் தட்டி மேலாளரை எதிர்த்துப் பேசும் காட்சி திரைப்படத்தில் கைதட்டல் வாங்கும். அலுவலகத்தில் அதை யாரிடமும் நான் எதிர்பார்க்க மாட்டேன். “அந்த அறிக்கை செவ்வாய்க்கிழமையே எனக்கும் நகலாக வந்தது,” “அழைப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, நான் பார்த்தேன்” என்பன போன்ற, யாரையும் குற்றம்சாட்டாத, சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியம் போதும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், அறையிலிருந்த பெரும்பான்மை தவறான விடையைச் சொன்னபோதும், ஒரே ஒருவர் சரியானதைச் சொல்லிவிட்டால், பெரும்பான்மைக்கு இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்தது. முதல் வாக்கியத்தின் வேலை மேலாளரைத் திருத்துவதன்று. பேனா மூடியோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தான் தனியாள் இல்லை என்று தெரிவிப்பது.

வேலையை விட்டுப்போனவருக்கு இப்போது எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. எழுதலாம் என்பது என் கருத்து. ஆனால் இன்னொரு ஆறுதல் கடிதம் வேண்டாம். எந்தெந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று நினைவிருக்கும் அளவுக்குத் தேதியோடு எழுதுங்கள். அவர் புகார் கொடுக்க விரும்பினால் உங்கள் பெயரைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் பிரிவில் யாராவது ஒருவரிடம் அதைக் காட்டி, அவரும் கையெழுத்திடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.