அலுமினியம் போடும் முன் அந்த மரச் சன்னலை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா காலத்துப் பலகை வீடு. மரச் சன்னல்கள் அடியில் உளுத்துவிட்டன. எல்லாரும் அலுமினியம் போடச் சொல்கிறார்கள். பழையதைச் சரிசெய்ய முடியுமா, வீண் வேலையா?

முடியும். நானும் உங்கள் ஊர்தான். பாட்டி வீட்டில் 11 சன்னல்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரிசெய்தேன். ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஆனால் முதல் சன்னலை நன்றாகக் கெடுத்த பிறகுதான் மற்றவை ஒழுங்காக வந்தன.

அவை வீட்டோடு வந்த சன்னல்கள்கூட இல்லை. வெள்ளைக்காரர்களின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்த காலம் (அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொழிலாளர்களைப் பங்கு போட வைத்து, தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே அதனால்தான்), அப்போது இடித்துப் போட்ட ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டிலிருந்து தாத்தா வாங்கி வந்தாராம். அதனால்தான் எங்கள் சின்ன வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரத்தில் இருக்கின்றன.

சரி, முதல் வேலை குத்திப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே போனால் அழுகல், போகாவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் ஏமாற்றும். பார்க்கவந்த வயதான சீனத் தச்சர் நான் குப்பை என்று ஒதுக்கிய ஒரு சன்னல் கதவைச் சுரண்டிப் பார்த்து "காயு பாகுஸ்" என்றார், மலாயில் நல்ல மரம் என்று அர்த்தம். செங்கால் மரம், வைரம் பாய்ந்தது. காய்ந்த நிலையிலேயே கனமீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும், கரையானும் அந்த வைரத்தைச் சீக்கிரத்தில் தொடாது. ஓரத்தில் வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான வெளிமரம்) விட்டு அறுத்திருந்தால் அந்த வெளிறை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். இதே தரத்தில் புதுச் செங்கால் வாங்க இன்று விலை விசாரித்துப் பாருங்கள், அப்புறம் அலுமினியம் பேச்சே வராது. செங்காலைவிட லேசான மெராந்தி மரமாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் கவனமாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உளுப்பு எங்கே என்று பாருங்கள். அநேகமாகக் கீழ்ச்சட்டத்திலும், நிற்கும் சட்டங்களின் அடி நுனியிலும், சன்னல் படியிலும் மட்டும்தான் இருக்கும். மரத்தின் அறுத்த முனை உறிஞ்சுகுழல் மாதிரி, பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். எங்கள் வீட்டில் இன்னொரு குற்றவாளி இரும்புக் கம்பிகள். படிக்குள் இறங்கும் இடத்தில் துருப்பிடித்து, துரு உப்பி, மரத்தைப் பிளந்து வைத்திருந்தது. மழைநீர் அந்தக் குழி வழியாக நேராக உள்ளே. படியின் அடிப்பக்கம் வெளி விளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளக்கோடு இருக்கும், தண்ணீர் சுவருக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடத்தான் அது. ஐம்பது அறுபது வருடப் பெயிண்டில் அது முழுக்க அடைத்துப் போயிருந்தது. அதைச் சுரண்டித் திறந்ததுதான் நான் செய்ததிலேயே மிகவும் பயனுள்ள வேலை என்று இப்போதும் நினைக்கிறேன், செலவு ஒரு சென்கூட இல்லை.

என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று அக்டோபர் மழையில், ஈரம் காயாத மரத்தில், காருக்குப் போடும் புட்டியைத் திணித்து மேலே மூன்று பூச்சு பெயிண்ட் அடித்தேன். தீபாவளிக்குப் பளபளவென்று இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, புட்டி கட்டியாக அப்படியே கையோடு வந்தது, பின்னால் மரம் முன்பைவிட மோசம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், அந்தப் புட்டி அசையாது. இடைவெளியில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை.

ஆகவே அழுகியதை நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுங்கள், வெட்டுமுகம் வெளிப்பக்கம் சாய்வாக இருக்கட்டும், அதே சாதி மரத்துண்டை ரேகை ஒரே திசையில் வைத்து எப்பாக்ஸி பசையால் ஒட்டுங்கள். செங்காலில் பிசின் உண்டு, ஒட்டும் முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்காவிட்டால் பிடிக்காது. திருகாணிக்குத் துளை போடாமல் இறக்கினால் மரம் பிளக்கும் அல்லது ஆணி முறியும். பித்தளை ஆணி என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஆணியைத் திருகி வழி செய்துவிட்டு, மெழுகுவர்த்தியில் தேய்த்து இறக்குங்கள். துண்டு மரத்துக்கு மரக்கடைக்குப் போகாதீர்கள், வீடு இடிக்கும் இடங்களில் கேளுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அக்கம்பக்கம் விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பலகை வீட்டில் இருக்கிறோம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும்போது சன்னல் கதவைக் கழற்றி, அடிமுனையை மேலே திருப்பி வைத்து, அதற்குத்தான் முதல் பூச்சு, இரண்டு முறை. தொங்கவிட்டே அடிப்பவர்கள் தூரிகை எட்டாத அந்த முனையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அலுமினியமே கூடாது என்று சொல்லவில்லை. ஏர்கான் போட்ட அறையில், நம் சன்னல் மாதிரி இடைவெளி விட்டுச் சாய்வுப் பலகைகள் அடுக்கிய சன்னல் குளிரை வெளியே விட்டுவிடும், குளியலறையில் எந்த மரமும் பாவம். மற்ற அறைகளில் மழை பெய்யும்போதும் காற்று வருவது இந்தச் சாய்வுப் பலகைகளால்தான், அலுமினியச் சன்னலை மழைக்கு மூடினால் வீடு சூளை. கீழே கரையான் கட்டிய மண்குழாய் ஏறியிருந்தாலோ, படியில் அறுகோணப் பொடிமணிகள் கொட்டிக் கிடந்தாலோ கரையானை முதலில் பாருங்கள், சன்னல் காத்திருக்கும்.

நம் பக்கம் மழை குறைவான பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு சன்னலுக்கு மேல் கழற்ற வேண்டாம், நான் நான்கைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் கொசுவோடு தூங்கினேன், பாட்டி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.