சீட் நனைந்துவிடுமாம்!

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள் நான். பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அக்கம்பக்கத்திலிருந்து கஞ்சி, ரசம் என்று வந்துகொண்டே இருக்கும். இப்போது மடிப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட், கார், ஏ.சி. எல்லாம் இருக்கிறது. போன வாரம் கொட்டுகிற மழையில் எதிர்வீட்டுப் பையன் பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றான். என் மகன் காரை நிறுத்தாமல் போய்விட்டான். கேட்டால், "சீட் நனைஞ்சிடும்மா" என்கிறான். பொருள் சேரச் சேர மனசு சுருங்கிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. நின்றது முன்பின் தெரியாத ஆள்கூட இல்லை, எதிர்வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பழி முழுவதையும் கார் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

கலிஃபோர்னியாவில் நாற்சந்தியில் நின்று கார்களைக் கவனித்த ஒரு ஆய்வு 2012-ல் வெளியானது. விலை உயர்ந்த காரில் வந்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் தங்கள் முறை வருமுன் குறுக்கே புகுந்தார்கள் என்றது. அப்புறம் 2015-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்கெடுப்புகளை அலசியபோது, நன்கொடையிலும் தொண்டிலும் வசதியுள்ளவர்களே முன்னால் நின்றார்கள். வசதியை மட்டும் வைத்து ஒருவர் மனசைச் சொல்லிவிட முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் ஒரு வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். வீட்டு வேலை செய்கிற ஒரு அம்மா வந்து, நின்ற இடத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றினார். திருகு இறுகிப்போய் லேசில் வரவில்லை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து முடிப்பதற்குள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஈர்க்குச்சியை ஒடித்து, துளை தூர்ந்துபோகாமல் இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். என்ன செலவும்மா என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றார். அந்தத் தோடு இருந்ததால்தானே அவரால் கொடுக்க முடிந்தது!

2015 டிசம்பர் வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டார்கள். படகுதான் அவர்களுக்குச் சோறு போடுவது. தெருவில் இறக்கினால் தண்ணீருக்கடியில் கேட், மதில், முழுகிக் கிடக்கும் கார் என எதில் வேண்டுமானாலும் இடிக்கும். தெரிந்துதான் இறக்கினார்கள்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கார் கடனில் வாங்கியதாக இருந்தால், மாதாமாதம் தவணை கட்டுகிறவனுக்கு அதில் ஒரு கீறல் விழுந்தாலும் பதறும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் பட்டவர்கள். ஆனால் காரைக் காப்பாற்றுகிற பதற்றம் ஒரு பிள்ளையை மழையில் விட்டுப் போகிற அளவுக்கு வளரக் கூடாது. இதை அவனிடம் நேராகவே சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே குழாய், ஒரே கிணற்றடி. அடுத்த வீட்டைக் கேட்காமல் ஒரு நாள் ஓடாது. அதில் சண்டையும் வரும், கஞ்சியும் வரும். இன்று உறைமோர் இல்லையென்றால் போனில் ஆர்டர் போட்டுத் தயிரே வாங்கிவிடுகிறோம். உங்கள் மகனுக்கு யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பழக்கமில்லை. கேட்டு வாங்கிப் பழகாத பிள்ளைக்கு, அடுத்தவர் தேவையும் சட்டென்று கண்ணில் படாது.

காரை வெறுக்க வேண்டாம். டிக்கியில் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு வையுங்கள். அப்புறம், வீட்டில் ஃபேன் துடைக்கவோ பரணில் ஏறவோ ஏணி வேண்டியிருந்தால் எதிர்வீட்டில் கேளுங்கள். மகனையே அனுப்புங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது அந்தப் பையன் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்றும் கேட்டுவிட்டு வரட்டும்.