மகளிர் சுய உதவிக் குழு என்றால் என்ன? அடமானம் இல்லாமல் வங்கி எப்படிக் கடன் தருகிறது?

ஒரே ஊரைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் மாதாமாதம் சிறு தொகை சேமித்து, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்புதான் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக இது 1989இல் தருமபுரியில் தொடங்கியது. 1992இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது.

சரி, நிலமோ நகையோ இல்லாதவருக்கு வங்கி எதை நம்பிக் கடன் தருகிறது? குழுவின் கணக்கு நோட்டுகளைத்தான். தவறாத சேமிப்பு, கூட்டத் தீர்மானம், உள்கடன் திரும்பி வந்த கணக்கு எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் தவணை தவறினால் எல்லோருக்குமே அடுத்த கடன் தள்ளிப்போகும். அதனால் கேட்பது கறவை மாட்டுக்கா, கல்யாணச் செலவுக்கா என்று பக்கத்து வீட்டுப் பெண்களே விசாரித்துவிடுவார்கள். எந்த வங்கி மேலாளராலும் அப்படி விசாரிக்க முடியாது!

உறை மோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு ஒரு கரண்டிதான். அது இல்லாமல் வங்கி ஊற்றும் பால் தயிராகாது.

அப்புறம், வாராவாரம் வசூலுக்கு வரும் நிதி நிறுவனங்களின் குழுக் கடனையும் இதையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். அங்கே வட்டி நிறுவனத்துக்குப் போகும். இங்கே உள்கடன் வட்டி குழுவின் பொதுப் பணத்திலேயே சேரும்.