1.10 பெரிதா, 1.9 பெரிதா?

கேள்வி: புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். 1.9 வரை ஒழுங்காக ஓடியது. 1.10 வெளியான பிறகும் "புதிதாக எதுவும் இல்லை" என்கிறது. எங்கே தவறு?

பதில்: பதிப்பு எண்களை ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே, ஒப்பிடுகிறீர்கள். ஸ்ட்ரிங்கைப் பைத்தான் அகராதி வரிசையில், எழுத்து எழுத்தாகப் பார்க்கும். "1." வரை இரண்டும் ஒன்றுதான். அடுத்து ஒன்றில் 1, மற்றதில் 9. அங்கேயே முடிவாகிவிடுகிறது, கடைசி 0 வரை அது போவதே இல்லை. ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றினாலும் பயனில்லை. 1.10 வெறும் 1.1 ஆகிவிடும், 1.9.2 வந்தால் வேல்யூ எரர் என்ற பிழை எழும். பதிப்பு எண்ணில் உள்ளது தசமப் புள்ளி அல்ல, பகுதிகளைப் பிரிக்கும் குறி.

புள்ளியில் ஸ்ப்ளிட் செய்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக்கி, டியூப்பிளாக (மதிப்புகளின் வரிசைத் தொகுப்பாக) ஒப்பிட்டால் (1, 10) > (1, 9) என்று சரியாக வரும். எண்கள் மட்டுமே வரும் என்ற உறுதி இருந்தால் இது போதும். ஆனால் (1, 0) என்பது (1, 0, 0)-ஐ விடச் சிறியது என்று பைத்தான் சொல்லும். நீளம் குறைந்ததன் பின்னால் 0 சேர்த்துச் சமப்படுத்த வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் 2.0ஆர்சி1 (2.0-க்கு முந்தைய இறுதிக்கட்டச் சோதனை வெளியீடு) போன்ற முன்வெளியீடுகள். எழுத்துகளை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீக்கினால் 2.01 மிஞ்சும், அது (2, 1) ஆகி, முழு வெளியீடான 2.0-வையே முந்திவிடும்!

ஆகவே பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) மூலம் 'பேக்கேஜிங்' தொகுப்பை நிறுவி, அதன் 'வெர்ஷன்' வகுப்பைப் பயன்படுத்துங்கள். பைத்தான் பதிப்பு எண்களுக்கான பெப் 440 விதிப்படி டெவ் (உருவாக்க நிலை), ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி, முழு வெளியீடு, போஸ்ட் (வெளியீட்டுக்குப் பிந்தைய திருத்தம்) என்ற வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும், 1.0-வும் 1.0.0-வும் அதற்கு ஒன்றே. பட்டியலை வரிசைப்படுத்த, சார்ட்டட் ஃபங்ஷனுக்கு இந்த வகுப்பையே கீ-யாகக் கொடுக்கலாம். ஒப்பீட்டின் இரு பக்கமும் வெர்ஷனாக இருப்பது முக்கியம். ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் > குறிக்கு டைப் எரர் வரும், தெரிந்துவிடும்; == குறிக்கோ சத்தமில்லாமல் ஃபால்ஸ் வரும். விதிக்கு உட்படாத பெயர்களுக்கு 'இன்வாலிட் வெர்ஷன்' பிழை எழும், அதை எக்ஸெப்ட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய நிரல்களில் காணும் 'லூஸ் வெர்ஷன்' வகுப்பு வேண்டாம். அது இருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுப்பு, பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: ஓடுவது எந்தப் பைத்தான் என்று அறிய, சிஸ்.வெர்ஷனின் (பைத்தானின் பதிப்பைச் சொல்லும் ஸ்ட்ரிங்) முதல் மூன்று எழுத்துகளை எடுக்கிறேன். சரிதானா?

பதில்: 3.9 வரை சரி. 3.10-இல் அது "3.1" என்று தரும். சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ ஏற்கெனவே டியூப்பிள் போலவே இயங்கும்; அதை >= (3, 10) என்று நேரடியாக ஒப்பிடுங்கள்.