வாசகர் கேள்வி-பதில்: ஹப்பிளின் 95 நிமிடங்கள்

போன இதழின் நடுப்பக்கத்தில் கழுகு நெபுலாவின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் போட்டிருந்தோம். 1995 ஏப்ரல் 1-ம் தேதி ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் அது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹப்பிளைப் பற்றியே கேட்கின்றன. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, தினமும் ஒரு மணி நேரமாவது ஹப்பிள் எடுத்த பழைய படங்களின் காப்பகத்தில்தான் எனக்குக் கழிகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, ஹப்பிள் 24 மணி நேரமும் படம் எடுத்துக்கொண்டே இருக்குமா? விண்வெளியில்தான் இரவு பகல் கிடையாதே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி

இரவு பகல் உண்டு, அம்மா. நமக்கு ஒரு நாளில் ஒரு முறை வருவது ஹப்பிளுக்குப் பதினைந்து முறை வருகிறது. அது பூமியை ஒரு முறை சுற்றிவர சுமார் 95 நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் சூரிய உதயம் ஒன்று, அஸ்தமனம் ஒன்று. ஆனால் நமக்குப் பகலில் நட்சத்திரம் தெரியாததற்குக் காரணம் காற்று. அது சூரிய ஒளியைச் சிதறடித்து வானத்தை வெளிச்சமாக்கிவிடுகிறது. அங்கே காற்று இல்லை, அதனால் பகல் பக்கத்திலும் ஹப்பிளால் நட்சத்திரங்களைப் பார்க்க முடியும்.

அதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நோட்டை எடுத்து என்னோடு கணக்குப் போடு.

மேலே 95 என்று எழுது. ஹப்பிள் பூமிக்கு மிக அருகில், சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பூமி வானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்தால், சுற்றில் கணிசமான நேரம் நடுவில் பூமி வந்துவிடும். பெரும்பாலான இலக்குகளுக்கு ஒரு சுற்றில் மிஞ்சுவது 50 முதல் 55 நிமிடம். அதில் குறியை நிலைநிறுத்த ஆறேழு நிமிடம் போகும். கேமராவில் சேர்ந்த படத்தைப் படித்து நினைவகத்துக்கு மாற்றவும் நேரம் வேண்டும். எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 40 நிமிடம்.

அதோடு முடியவில்லை. பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே, பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சு வளையம் கீழே இறங்கியிருக்கிறது. அங்கே காந்தப்புலம் பலவீனம். பூமி சுழல்வதால் நாளின் பல சுற்றுகள் அந்தப் பகுதிக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். ஹப்பிளின் நேரத்தில் சுமார் 15 சதவீதம் அங்கேயே போகிறது. உள்ளே இருக்கும்வரை படம் எடுப்பதில்லை. எடுத்தால் துகள்கள் மோதிய வெள்ளைப் புள்ளிகளாகவே இருக்கும்.

ஒரே ஒரு சலுகை உண்டு. சுற்றுப்பாதையின் தளத்துக்கு ஏறக்குறைய நேர் மேலேயும் கீழேயும் இருக்கும் வானப் பகுதிகளை, சில காலங்களில் பூமி மறைப்பதே இல்லை. 1995 டிசம்பரில் எடுத்த ‘ஹப்பிள் ஆழ்புலம்’ படத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது இதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சப்தரிஷி மண்டலத்தில், எதுவும் இல்லாததுபோல் தெரிந்த ஒரு சின்னஞ்சிறு துண்டு வானம். 18-ம் தேதி முதல் பத்து நாட்கள் ஹப்பிள் அதையே பார்த்தது. 342 முறை படம் எடுத்தது. அந்தத் துண்டுக்குள் சுமார் 3,000 கேலக்ஸிகள் இருந்தன. வகுப்பில் அந்தப் படத்தை முதன்முதலாகக் காட்டிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து வந்து, படத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்து, மணி அடித்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தான்.

மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே எப்படி ஆடாமல் படம் எடுக்கிறது? ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்தால் என் செல்போன் படம் கலங்கிவிடுகிறதே.
— கல்லூரி மாணவர்

பஸ்ஸில் கலங்குவதற்குக் குலுக்கல் ஒரு காரணம், பக்கத்தில் இருக்கும் மரங்கள் வேகமாக நகர்வது இன்னொரு காரணம். ஹப்பிள் பார்ப்பவை மிகத் தொலைவில் இருப்பதால் இரண்டாவது பிரச்சினை பெரும்பாலும் இல்லை. குலுக்கலைத்தான் சமாளிக்க வேண்டும்.

ஹப்பிளில் ராக்கெட் எஞ்சின் எதுவும் கிடையாது. புகை கக்கினால் கண்ணாடியில் படிந்துவிடும். உள்ளே நான்கு கனமான சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினால் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் மெதுவாகத் திரும்பும். எவ்வளவு மெதுவாக என்றால், கடிகாரத்தின் நிமிட முள் அளவுக்கு! 90 டிகிரி திரும்பக் கால் மணி நேரம் ஆகும். நாளடைவில் சக்கரங்களின் வேகம் கூடிக்கொண்டே போகுமல்லவா? அப்போது மின்காந்தத் தண்டுகளை இயக்கி, பூமியின் காந்தப்புலத்தின் மீதே தள்ளி அந்த வேகத்தைக் கரைத்துவிடுகிறார்கள். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிடிமானமாக்கிக்கொள்ளும் யோசனை என்னை அவ்வளவு பாதித்தது.

திரும்பிய பிறகு குறியை நிலைநிறுத்த வேண்டும். இலக்குக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வழிகாட்டி நட்சத்திரங்களை நுண் சென்சார்கள் பிடித்துக்கொள்கின்றன. இதற்காகவே பழைய புகைப்படத் தகடுகளைக் கணினியில் ஏற்றி, சுமார் 1.9 கோடி பொருள்களுக்குப் பட்டியல் தயாரித்தார்கள். பிடித்த பிறகு மிஞ்சும் ஆட்டம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். சில சமயம் பிடி நழுவிவிடும். காப்பகத்தில் அப்படிப்பட்ட படங்களையும் பார்த்திருக்கிறேன்: நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். யாரோ மாதக்கணக்கில் காத்திருந்த சுற்று அது என்று நினைக்கும்போது மனசு கஷ்டப்படும்.

இப்போது கைரோஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன். ஹப்பிள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்பவை இவைதான். ஒவ்வொன்றின் உள்ளேயும் நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் சக்கரம், அதைச் சுற்றிக் கெட்டியான திரவம். மின்சாரம் கொண்டு போகும் கம்பிகள் முடியைவிட மெல்லியவை. திரவத்தில் கிடந்து அரித்து அறுந்துபோகும். 2009-ல் விண்வெளி வீரர்கள் கடைசியாகப் போனபோது ஆறையும் புதிதாக மாற்றினார்கள். மூன்று நின்றுவிட்டன. நான்காவது தவறான அளவு காட்டி, 2024 மே மாதம் ஹப்பிளைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளியது. அடுத்த மாதம் முதல் ஒரே ஒரு கைரோவை வைத்து ஓட்டுகிறார்கள். நன்றாக இருக்கும் இன்னொன்றைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். குறைந்த இடத்தைச் சூரிய சென்சார், காந்தமானி, நட்சத்திரத் தடமறிவான் ஆகியவை நிரப்புகின்றன. விலை என்ன? வாரத்துக்கு 85 சுற்றுகள் கவனித்த இடத்தில் 74. செவ்வாயைவிட நெருக்கமாக வந்து நகரும் பொருள்களையும் பின்தொடர முடியாது.

இதை இயக்குபவர்கள் இரவு முழுவதும் விழித்திருப்பார்களா?
— வாசகர், இரவுப் பணியில் இருப்பவர்

முன்பு விழித்திருந்தார்கள். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் கிரீன்பெல்ட்டில் நாசாவின் கோடார்ட் மையத்தில் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. 2011-ல் அதைத் தானியங்கியாக்கினார்கள். வார நாட்களில் பகல் நேரத்தில் மட்டும் ஆட்கள் இருந்தால் போதும். ஏதாவது கோளாறு என்றால் பொறியாளர்களுக்குக் கணினியே தகவல் அனுப்பி எழுப்பும்.

இது சாத்தியமாவதற்குக் காரணம், வேலை முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பது. எந்த நிமிடம் எங்கே திரும்ப வேண்டும், எந்த ஃபில்டர், எத்தனை நொடி என்று வார அட்டவணை பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையத்தில் தயாராகிறது. அதைக் கட்டளைகளாக மாற்றி, உயரத்தில் நிற்கும் தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாக மேலே அனுப்புகிறார்கள். படங்கள் அதே வழியில் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸுக்கு இறங்கி வருகின்றன. இத்தனைக்கும் ஹப்பிளின் பிரதான கணினியில் இருப்பது 1999-ல் பொருத்திய, 486 என்ற பழைய வகைச் சில்லு. உங்களைப் போல இரவில் வேலை பார்ப்பது இப்போது அது மட்டும்தான்.

ஹப்பிள் எதைப் பார்க்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? சாதாரண ஆளுக்கு வாய்ப்பு உண்டா?
— வாசகி, ஆசிரியை

ஆண்டுக்கு ஒரு முறை உலகம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய ஆயிரம் விண்ணப்பங்கள் வரும். கையில் இருக்கும் நேரத்தைப்போல ஐந்தாறு மடங்கு கேட்பார்கள். எந்த நாட்டவரும் கேட்கலாம். 2018 முதல் விண்ணப்பத்தில் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டு மதிப்பீட்டிலேயே, முதன்முறையாகப் பெண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் கூடியது. நேர்மையான ஏற்பாடு, முன்பே செய்திருக்க வேண்டும்.

தொழில்முறை வானியலாளர் அல்லாதவர்களுக்கும் 1990 முதல் 1997 வரை நேரம் ஒதுக்கினார்கள். 13 பேருக்குக் கிடைத்தது. இப்போது அந்தத் திட்டம் இல்லை. ஆனால் எடுத்த படங்கள் அதிகபட்சம் ஆறு மாதத்தில் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்லும் வாய்ப்பு இதுதான்.

தூண்கள் படத்தின் நிறம் நிஜமா? ஒரு மூலை ஏன் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறது?
— ஓவியர் ஒருவர்

நானும் இதே கேள்வியோடுதான் காப்பகத்துக்குள் போனேன். முதல் கோப்பைத் திறந்தபோது பெரிய ஏமாற்றம்: திரை முழுக்கக் கறுப்பு, அங்கங்கே நாலு வெள்ளைப் புள்ளி. ஒளியளவை இழுத்துச் சரிசெய்தபோது தூண்கள் சாம்பல் நிறத்தில் மெல்ல எழுந்து வந்தன. கூடவே படம் முழுக்க முள் கீறியது போலச் சின்னச் சின்னக் கோடுகள். அவை காஸ்மிக் கதிர்கள் கேமராவைத் தாக்கிய தடங்கள். அதனால்தான் ஒரே இடத்தை இரண்டு முறையாவது எடுக்கிறார்கள். நட்சத்திரம் இரண்டு படத்திலும் இருக்கும். கீறல் ஒன்றில் மட்டும் இருக்கும். ஒப்பிட்டு நீக்கிவிடலாம்.

கேமரா பதிவு செய்வது கறுப்பு வெள்ளை மட்டுமே. தூண்கள் படத்துக்கு மூன்று ஃபில்டர்கள் வழியாக எடுத்தார்கள்: கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் ஒளி தனித்தனியாக. பிறகு முறையே சிவப்பு, பச்சை, நீலம் கொடுத்துச் சேர்த்தார்கள். இங்கே ஹைட்ரஜனும் கந்தகமும் உமிழ்வது இரண்டுமே சிவப்புதான்; நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பச்சை கொடுத்ததால்தான் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆகவே வடிவம் நிஜம், ஒளி நிஜம், நிறம் தெரிந்தே செய்த தேர்வு. நீங்கள் ஓவியர், தேர்வு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

படிக்கட்டு மூலைக்குக் காரணம் அன்றைய கேமரா. அதில் நான்கு சில்லுகள். ஒன்று மட்டும் அதிகம் உருப்பெருக்கிக் காட்டும். மற்ற மூன்றோடு பொருந்த அதைச் சுருக்கினால் இடம் காலியாகிவிடும்.

வெப் தொலைநோக்கி வந்த பிறகு ஹப்பிள் எதற்கு?
— வாசகர்

வெப் அகச்சிவப்பைப் பார்க்கிறது, ஹப்பிள் புற ஊதாவைப் பார்க்கிறது. சூடான இளம் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிவது புற ஊதாவில். அது வெப்புக்குத் தெரியாது. காற்று மண்டலம் தடுப்பதால் தரையிலிருந்தும் பெரும்பாலும் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டும்.

அதை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?
— ஏழாம் வகுப்பு மாணவர்

முடியும், தம்பி. பூமத்திய ரேகைக்கு வடக்கே, தெற்கே 28.5 டிகிரி வரை ஹப்பிள் போகிறது. அந்தப் பட்டைக்குள் இருப்பவர்களுக்குச் சில நாட்கள் தலைக்கு மேலேயே கடக்கும். செயற்கைக்கோள் நேரம் சொல்லும் செயலியில் பார்த்துக்கொள். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், அல்லது விடியலுக்கு முன்னால். மினுமினுக்காமல், சத்தமில்லாமல், நகரும் நட்சத்திரம் போல மேற்கிலிருந்து கிழக்கே போகும்.

நான் முதலில் பார்த்தபோது மூன்று நிமிடம் தெரிந்தது. பிறகு வானத்தின் நடுவிலேயே மங்கி மறைந்துவிட்டது. பூமியின் நிழலுக்குள் போயிருந்தது. அந்த நொடி சோலார் பேனல்கள் ஓய்ந்து பேட்டரிக்கு மாறியிருக்கும். அது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைய அட்டவணையை முன்பே குறித்து வைத்திருந்தேன். அது மறைந்த இடத்தைப் பார்த்தபடியே கழுத்து வலிக்கும்வரை நின்றேன். அட்டவணைப்படி அந்தப் படம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.