பின் டிரம்முக்குள் என்ன கோளாறு? ஜிப்ஸி பிரேக் கேள்வி – பதில்

கேள்வி: 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். பின் பிரேக் ஷூவை நானே மாற்றலாம் என்று இறங்கினேன். டிரம் அசையவே மறுக்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். டிரம் என்பது ஷூக்களை மூடியபடி சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புக் கிண்ணம்; ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அதில் அழுத்தும்போதுதான் பிரேக் பிடிக்கிறது. விளிம்பில் அடி விழுந்தால் சில்லு தெறிக்கும், விரிசலும் விடும். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். ஆகவே வண்டியை உருளாமல் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள் மட்டுமே. பின்பக்கத்தைத் தூக்கியதும் ஆக்ஸில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை நம்பி உட்காராதீர்கள்.

டிரம் வராததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று துரு. நடு ஓட்டையைச் சுற்றி ஆக்ஸில் ஃபிளேஞ்சோடு, அதாவது அச்சின் நுனித் தட்டோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். துரு இளக்கும் ஆயிலை அங்கே கொஞ்சமாக விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். டிரம் முகப்பில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றில் 8 எம்எம் போல்ட்டுகளைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒட்டு விடும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கும்.

அதன் பிறகும் டிரம் சற்றே நகர்ந்து நின்றுவிட்டால், இரண்டாவது காரணம். ஷூ உரசிய இடம் குழிந்து, ஓரத்தில் வரப்பு மாதிரி மேடு நின்றிருக்கும். ஷூ அதில் தட்டும். ஷூக்கள் பொருந்தியிருக்கும் பேக் பிளேட்டின் பின்னால் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, திருப்புளியை உள்ளே விட்டு, ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் லீவர் அதன் பிடியிலிருந்து விலகி, ஷூக்கள் உள்வாங்கும். டிரம் கையோடு வந்துவிடும்.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே தெறித்து, பிரேக் ஆயில் புது லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) மேல் கொட்டும்.

கேள்வி: ஷூ மாற்றி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வலது பின் சக்கரத்தில் மட்டும் லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. மெக்கானிக் மறுபடியும் புது ஷூ போடச் சொல்கிறார்.
– வாசகர், வால்பாறை

பதில்: புது ஷூ போட்டால் அதுவும் ஊறும். வந்திருப்பது எந்த எண்ணெய் என்று முதலில் பாருங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி மூக்கில் ஏறுகிறதா? தடிமனாக, கருத்து இருக்கிறதா? அது பின் ஆக்ஸிலின் பற்சக்கரங்களுக்கு ஊற்றும் கிரவுன் ஆயில்; அதை வெளியே விடாமல் தடுக்கும் ஆக்ஸில் சீல் போய்விட்டது. தண்ணீர் மாதிரி மெலிதாக இருந்து, பேக் பிளேட்டில் பெயின்ட் பொங்கி உரிந்திருந்தால் அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டரின் தூசி மூடியைத் திருப்புளி நுனியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால், பிஸ்டனோடு இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது.

மலைப்பகுதி ஜிப்ஸிகளில் பெரும்பாலும் முதல் வகைதான். சீலை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். சீல் ஏன் போனது என்று பார்ப்பதில்லை. பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் ஒரு பிரீதர், அதாவது காற்று போகும் சிறு துளை மூடி, உண்டு. சேறு அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை புது சீல் போட்டாலும் கதை இதுதான். பிரீதரைக் கழற்றிக் கழுவி, ஊதிப் பாருங்கள். கிரவுன் ஆயிலும் நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஊற்றக் கூடாது. ஆக்ஸில் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் சீல் தங்காது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி போடும் பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். எண்ணெய் லைனிங்கின் உள்ளே இறங்கியிருக்கும். இறக்கத்தில் டிரம் சூடானதும் மேலே கசிந்து வரும். அந்த நேரத்தில் ஒரு பின் சக்கரம் பிடிக்கும், மற்றது வழுக்கும். வண்டி கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் திரும்பும். இரண்டு பக்க ஷூக்களையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே சக்கரத்தில் முன் ஷூ நிறையத் தேய்ந்திருக்கிறது, பின் ஷூ அப்படியே இருக்கிறது. ஏதாவது தப்பா?
– வாசகர், தேனி

பதில்: இல்லை. வண்டி முன்னோக்கி ஓடும்போது, சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். பின் ஷூவைத் தள்ளிவிடும். அதிக வேலை செய்வது அதிகம் தேய்கிறது. பின் ஷூ முன் ஷூவைவிட அதிகம் தேய்ந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஹேண்ட் பிரேக் லீவர் அந்த ஷூவில்தான் இருக்கிறது. கேபிள் இறுகியிருக்கலாம்.

கேள்வி: ஹேண்ட் பிரேக் மேலே வரை வருகிறது. கேபிளை டைட் செய்தேன். இப்போது பின் சக்கரம் சுடுகிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: தேய்ந்த ஷூவின் இடைவெளியைக் கேபிளால் சரிக்கட்டியதுதான் தவறு. கேபிள் இறுகியிருந்தால் ஷூவில் உள்ள லீவர் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது; தானாக அட்ஜஸ்ட் ஆகும் பல்லும் ஒழுங்காக வேலை செய்யாது. கேபிள் நட்டை முழுதும் இளக்கிவிடுங்கள். டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள். தகடும் லைனிங்கும் சேர்ந்து புதிதில் 7 மி.மீ.; 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். ஷூவைச் சரிசெய்து டிரம் போட்ட பிறகு பெடலைப் பலமுறை நன்றாக மிதித்து, இடைவெளி தானாகக் குறையட்டும். கேபிளைக் கடைசியில் தொடுங்கள். சக்கரம் கையால் சுற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனி டிரம்மில் இருக்கும். அவற்றுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

கேள்வி: மறுபடி மாட்டும்போது எதை எங்கே போடுவது என்று குழம்பிவிட்டேன். டிரம்மைக் கடைசல் பிடிக்க (உட்புறத்தை லேத்தில் சீவ) வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மறுபக்க டிரம்மை மட்டும் கழற்றிப் பாருங்கள், ஸ்பிரிங் எதையும் தொடாதீர்கள். அதுவே உங்களுக்கு மாதிரி, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். இனிமேல் ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரிக்க வேண்டும். தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பேக் பிளேட்டில் ஷூ ஓரம் உரசும் சிறு மேடுகளில், சூடு தாங்கும் கிரீஸை நகத்தில் எடுக்கும் அளவு மட்டும் தடவுங்கள். அந்த மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கி, பிரேக் விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

டிரம்மின் உள்விட்டம் புதிதில் 220 மி.மீ.; 222-ஐத் தாண்டினால் வேறு டிரம்தான். அந்த அளவுக்குள் ஆழமான கோடோ, பெடலில் துடிப்போ இருந்தால் கடைசல் பிடிக்கலாம், இரண்டையும் ஒரே அளவுக்கு. தேய்ந்த டிரம்மில் புது ஷூ நடுவில் மட்டும்தான் முதலில் உரசும். அதனால் பெடல் சில நாள் பஞ்சு மாதிரி இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலை இறக்கமும் முழு லோடும் வேண்டாம்.

வீல் சிலிண்டரைக் கழற்றியிருந்தால் மட்டும் ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, வேண்டும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.