பின் பொத்தானும் இரட்டை ஓடரும்

கேள்வி: பனங்கட்டி, ஒடியல் விற்க இணையத்தளம் செய்துள்ளேன். ஓடர் கொடுத்தவர் வேறு பக்கம் போய், உலாவியின் ‘பின்’ (Back) பொத்தானை அழுத்தினால், படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று உலாவி கேட்கிறது. சம்மதித்தால் ஓடர் இரண்டாகிறது. கணக்கிலிருந்து வெளியேறிய பிறகும் பழைய பக்கம் தெரிகிறது.
– வாசகர், கொக்குவில்

பதில்: பொத்தானில் பிழையில்லை. படிவத்தின் தரவை அனுப்பும் போஸ்ட் (POST) கோரிக்கைக்கே நன்றிப் பக்கத்தைப் பதிலாக அனுப்புகிறீர்கள். உலாவியின் வரலாற்றில் அந்தப் போஸ்ட்டே நிற்கிறது. ஓடரைச் சேமித்ததும், வேறு முகவரியைத் திற என்று உலாவிக்குச் சொல்லும் 303 குறியீட்டுடன் நன்றிப் பக்க முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். உலாவி அதை, பக்கத்தைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் கெட் (GET) முறையில் திறக்கும். மீள ஏற்றினாலும் ஓடர் இரண்டாகாது.

ஆனால் அவசரக்காரர் பொத்தானை இருமுறை தட்டுவதை இது தடுக்காது. படிவம் ஒவ்வொன்றிலும் புதிய குறியீடொன்றை மறைவாக வைத்து, தரவுத்தளத்தில் அதே குறியீடு இரண்டாம்முறை பதியாதபடி யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். இதுதான் உண்மையான காவல். பின் பொத்தானை முடக்கும் நிரல்கள் பக்கம் போகவே வேண்டாம். வாடிக்கையாளருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

வெளியேறிய பின் தெரிவது உலாவி நினைவில் வைத்திருந்த பிரதி. கணக்குப் பக்கங்களுக்குக் கேஷ்-கன்ட்ரோல் (Cache-Control) தலைப்பில், பிரதி வைக்காதே எனப் பொருள்படும் நோ-ஸ்டோர் (no-store) கொடுங்கள். கூடவே, பக்கம் திரையில் தோன்றும்போது எழும் பேஜ்ஷோ (pageshow) நிகழ்வில், அது நினைவிலிருந்து வந்ததா எனக் காட்டும் பெர்சிஸ்டட் (persisted) மதிப்பு ட்ரூ (true) என வந்தால் பக்கத்தை மீள ஏற்றுங்கள்.